ஸ்லிக் டயர்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் சின்ன கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். வருடத்தில் இரண்டு மூன்று தடவை என்னுடைய பழைய ஹொண்டா சிவிக்கை பந்தய ட்ராக்குக்கு ஓட்டிப் போவேன். கராஜ் மூலையில் கறுப்புப் பையில் சுற்றிய நாலு ஸ்லிக், அதாவது கோடே இல்லாத பந்தய டயர் மாட்டிய சில்லு, நிற்பதைப் பார்த்தாலே பெடியன்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அலைன்மென்ட் முடியுமுன் ஏழெட்டுக் கேள்வி. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நொந்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ஸ்லிக் எண்டா தேஞ்சுபோன மொட்டை டயர் தானே அண்ணா?

இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான். புதிய ரோட்டு டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கோடு இருக்கும். மொட்டையான டயர் என்பது அந்த 8 மில்லிமீற்றர் நல்ல இறப்பரும் போய், வருடக்கணக்கில் வெயிலில் வெந்து இறுகிப்போன மிச்சம். ஸ்லிக் அப்படியில்லை. கோடே இல்லாமல் வார்க்கப்பட்ட புது டயர் அது. மேலே சில மில்லிமீற்றருக்கு மிக மென்மையான இறப்பர் முழுசாக இருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஸ்லிக்கில் நகத்தின் பிறை பதிந்து மெல்ல மெல்ல மறையும். மொட்டை டயரில் நகம் வழுக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு: ஸ்லிக்கின் முகத்தில் குண்டூசித் தலை அளவில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். எவ்வளவு இறப்பர் மிச்சம் என்று காட்டத்தான் அவை. துளை மறைந்துவிட்டால் டயரின் காலமும் முடிந்தது.

கோடு இல்லாத டயர் எப்படிக் கூடப் பிடிக்கும்? வழுக்கத்தானே வேணும்?

கோடு வெட்டுவது தண்ணீருக்காக. காய்ந்த தார் ரோட்டில் அதற்கு வேலையே இல்லை, இடைஞ்சல்தான். ரோட்டு டயரின் முகத்தில் கால்வாசிக்கு மேல் வெறும் பள்ளம், அந்த அளவுக்கு இறப்பர் ரோட்டைத் தொடாது. ஒரு அழிறப்பரை எடுத்து மேசையில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். பிறகு அதையே பிளேட்டால் நாலைந்து கீறல் போட்டுத் தள்ளுங்கள். கீறிய துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளையும். வளைவில் போகும்போது ரோட்டு டயரில் கோடுகளுக்கு இடையில் நிற்கும் இறப்பர்க் கட்டைகளும் இப்படித்தான் நெளிகின்றன. நெளிவதால் ஸ்டியரிங் தாமதமாகக் கேட்கும், கட்டைகளும் தேவையில்லாமல் சூடாகும்.

போர்முலா 1 காரர்களுக்கு இது நல்லாகவே தெரியும். கார்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று 1998-இல் டயரில் நேர்கோடு வெட்ட வைத்தார்கள். 2008 வரை அப்படியே ஓடிவிட்டு, 2009-இல்தான் மறுபடி ஸ்லிக்குக்குத் திரும்பினார்கள். வேகத்தைக் குறைக்கத் தேடியவர்களுக்கு டயரில் நாலு கோடு வெட்டுவதே ஒரு வழியாகப் பட்டது என்றால் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கோடு இல்லாதது பாதிக் கதைதான். மற்றப் பாதி இறப்பரின் கலவை. அந்தக் கலவை 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடேறினால்தான் ஒட்டும். பச்சையாக, அதாவது சூடேறாமல் நிற்கும்போது அது சாதாரண டயரை விட மோசம். இதை மட்டும் மனதில் வையுங்கள், கீழே வரும் பாதிப் பதில்கள் இதில்தான் போய் முடியும்.

அப்ப வைகாசி, ஆனி மாதத்தில இங்க ரோட்டிலேயே போட்டு ஓடினா என்ன? மழையே இல்லையே.

முதலாவது, அது ரோட்டுக்கென்று செய்த டயர் இல்லை. ரோட்டுப் பாவனைக்கான அங்கீகார முத்திரை அதில் இருக்காது, பந்தயத்துக்கு மட்டும் என்று பக்கச் சுவரில் எழுதியே இருப்பார்கள். பொலிஸ்காரருக்கு அது மொட்டை டயர்தான். நீங்கள் கலவை பற்றி விளக்கிக்கொண்டு நிற்க முடியாது. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பதும் டயரைத்தான்.

இரண்டாவது, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை எவ்வளவு வேகமாகப் போனாலும் ஸ்லிக் அதன் சூட்டுக்கு வராது. டயரைச் சூடாக்குவது வேகம் இல்லை, கடும் பிரேக்கும் கடும் வளைவும். நேர் ரோட்டில் அது பச்சையாகவே இருக்கும். கடற்கரையிலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டும் மணல் அதன் மேல் ஒட்டும், சல்லிக் கற்கள் மென்மையான இறப்பருக்குள் புதையும். எங்கள் பக்கம் கோடையிலும் பின்னேரத்தில் ஒரு இடிமழை வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரப்போவதில்லை.

கொஞ்சம் தூறினா மெதுவா ஓடிச் சமாளிக்கலாந்தானே?

எவ்வளவு மெதுவாக என்பதுதான் கேள்வி. விமானங்கள் ஈரமான ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்த நாசாக்காரர்கள் 1960களில் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். டயரின் காற்றழுத்தத்தைப் பிஎஸ்ஐயில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட் என்ற விமானக்காரரின் அளவில் வரும். இங்கே சீனக்குடா விமானப்படைத் தளத்தில் விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கும் இது பாடமாக இருக்கும் கணக்குத்தான். 25 பிஎஸ்ஐ என்றால் வர்க்கமூலம் 5, ஒன்பதால் பெருக்க 45 நொட். மணிக்கு 83 கி.மீ. கோடுள்ள டயரில் தண்ணீர் ஓடிப்போக வாய்க்கால் இருப்பதால் அந்த எல்லை தள்ளிப்போகும். ஸ்லிக்கில் வாய்க்காலே இல்லை.

83-க்குக் கீழே ஓடினால் பயமில்லை என்று எடுக்காதீர்கள். தண்ணீர் தேங்கவே வேண்டாம், ரோட்டில் ஒரு பளபளப்பு இருந்தாலே டயர் குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் முன்பு சொன்ன பிடிப்பு போய்விடும். தூறல் விழுந்தால் ட்ராக்கில் எல்லோரும் உள்ளே வருவார்கள். நீங்களும் வாருங்கள்.

ரிங்கோவுக்குக் கிட்ட எங்க ஓடலாம்?

திருகோணமலைக்குக் கிட்ட ஒன்றுமில்லை. சீனக்குடா ஓடுபாதையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி, அது விமானப்படையின் இடம். பெரும்பாலும் நாங்கள் போவது களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த. அதுவும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம்தான். இங்கிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர்கள் இந்தியாவுக்குப் போய் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூரிலோ வாடகைக் காரில் ஓடிவிட்டு வருகிறார்கள். சொந்தக் காரை உடைக்காமல் பழக அது நல்ல வழி.

நுவரெலியா மலையேற்றப் பந்தயத்துக்கு ஸ்லிக் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். ஒரு ஓட்டம் முடிவதற்குள் டயர் சூடாகத் தொடங்கியிருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்குச் சீக்கிரம் சூடேறும் செமி ஸ்லிக்தான் சரி. தியத்தலாவையில் நடப்பது மண் தடம், அங்கே ஸ்லிக் பேச்சே இல்லை.

இரவு பதினொரு மணிக்கு நிலாவெளி ரோட்டில் பந்தயம் வைக்கிற ஆட்களுக்கு நான் டயர் மாட்டிக் கொடுப்பதில்லை. கேட்கவும் வேண்டாம்.

செமி ஸ்லிக் எண்டா என்ன? பாதி ஸ்லிக்கா?

ரோட்டுச் சட்டத்தைத் திருப்திப்படுத்தப் போதுமான அளவுக்கு மட்டும் கோடு போட்ட டயர். டோயோ ஆர்888ஆர், யோகோஹாமா அட்வான் ஏ052, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 எல்லாம் இந்த வகை. பக்கச் சுவரில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய டயர் மென்மை, தேய்வும் கூட. ஆர்888ஆரில் 100, ஏ052-இல் 200. நாங்கள் அன்றாடம் பாவிக்கிற டயர்களில் 300, 400 என்று இருக்கும். அந்த எண்ணை அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்வதால் ஒரு பிராண்டின் 200-ஐயும் இன்னொன்றின் 200-ஐயும் ஒப்பிட்டுச் சண்டை பிடிக்காதீர்கள்.

கேட்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நான் சொல்வது செமி ஸ்லிக். அதைப் போட்டுக்கொண்டே வீட்டிலிருந்து ட்ராக்குக்குப் போகலாம், ஓடலாம், திரும்பி வரலாம். மழை வந்தால் வேகத்தைக் குறைத்து ஊர் சேரலாம். அப்புறம், அது பிடி விடுமுன் கீச்சென்று சத்தம் போட்டுச் சொல்லும். ஸ்லிக் பெரும்பாலும் சொல்லாது.

சைஸ் எண்களே விளங்கல. 200/580 எண்டு போட்டிருக்கு, இது என்ன லொறி டயரா?

ரோட்டு டயரில் 195/50ஆர்15 என்றால் அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 50 சதவீதம், ரிம் 15 அங்குலம். ஸ்லிக்கில் இரண்டாவது எண் சதவீதம் இல்லை, டயரின் முழு விட்டம். 200/580ஆர்15 என்றால் அகலம் 200, விட்டம் 580 மில்லிமீற்றர். உங்கள் 195/50ஆர்15-இன் விட்டத்தைக் கணக்குப் போட்டால் 576 வரும். அதனால் இரண்டும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சில டயர்களில் எல்லாமே அங்குலத்தில் 8.2/22.0-13 என்று இருக்கும்: அகலம், விட்டம், ரிம்.

உயரம் சரி என்று உடனே வாங்கிவிடாதீர்கள். ரோட்டு டயரின் தோள் (முகமும் பக்கச் சுவரும் சேரும் ஓரம்) வளைந்து போகும், ஸ்லிக்கின் தோள் பெட்டி மாதிரி. அதே அகலம் என்றாலும் உள்ளே ஸ்பிரிங்கிலோ மேலே மட்காட்டிலோ உரசலாம். நான் பார்க்கிற விதம் கொஞ்சம் சிரிப்பானது. பரோட்டாவுக்குக் குழைத்த மா உருண்டைகளைச் சந்தேகமான இடங்களில் ஒட்டிவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பின்சீட்டில் ரெண்டு பேரை ஏற்றி மேடுபள்ளத்தில் மெதுவாக ஒரு சுற்று. மா எந்த இடத்தில் நசுங்கியிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் போதும். விரல் தடிப்பு இடம் இல்லை என்றால் அந்த சைஸ் வேண்டாம்.

கொழும்பில பாவிச்ச ஸ்லிக் மலிவா வருது. எடுக்கலாமா?

இந்தப் பாடத்துக்கு நான் காசு கட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆளிடம் நாலு ஸ்லிக் வாங்கினேன். துளைகள் எல்லாம் ஆழமாகத் தெரிந்தன, முகத்தில் ஒரு கீறல் இல்லை, புதுசு மாதிரி மினுக்கம். "ஒரே ஒரு ரேஸ் ஓடினது" என்றார். ஒரு ரேஸ் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை. ட்ராக்கில் மூன்றாவது சுற்றில் வழக்கமான இடத்தில் பிரேக்கை விட்டுத் திருப்பினேன், கார் திரும்பாமல் பின்பக்கம் முன்னால் வந்தது. விமான ஓடுபாதை என்பதால் இடம் இருந்தது, புல்லில் போய் நின்றேன். இறங்கித் தொட்டுப் பார்த்தால் டயர் சுடுகிறது, ஆனால் நகம் இறங்கவில்லை. கருங்காலிக் கட்டை.

மென்மையான இறப்பர் ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். அதனால் ஸ்லிக்கின் ஆயுளைக் கிலோமீற்றரில் எண்ணுவதை விட எத்தனை தடவை சூடாகி ஆறியது என்று எண்ண வேண்டும். சும்மா கிடந்தாலும் வயது போகும். வாங்கும்போது பக்கச் சுவரில் திகதி பாருங்கள். 3523 என்றால் 2023-இன் 35-ஆவது கிழமை. நகப் பரீட்சை செய்யுங்கள், அதுவும் முகத்தின் நடுவிலும் இரண்டு தோள்களிலும். உள்தோளை விளக்குப் பிடித்துப் பாருங்கள். முகம் நிறைய இறப்பர் இருந்தாலும் அங்கே நூல் எட்டிப்பார்க்கும் டயர்களை நல்ல பக்கம் வெளியே தெரியத் திருப்பி அடுக்கி வைப்பார்கள். பஞ்சர் ஒட்டின ஸ்லிக் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சூடாக்க அந்தக் கம்பளி வேணுமா?

டயரைச் சுற்றிப் போர்த்திச் சூடாக்கும் வாமர் கம்பளிக்கு மின்சாரம் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், காசும் வேண்டும். ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, அது ஆடம்பரம். முதல் இரண்டு சுற்றைப் பொறுமையாக ஓடுங்கள், அதுவே போதும். டிவியில் பார்ப்பது போல ஸ்டியரிங்கை இடம் வலமாக ஆட்டுவதால் பெரிய பிரயோசனம் இல்லை, அழுத்திப் பிடிக்கும் பிரேக்தான் சூட்டை உள்ளே இறக்கும். மத்தியானம் தார் கால் வைக்க முடியாமல் கொதிப்பது எங்கள் நாட்டுக்கு ஒரு வசதி. ஆனால் தார் 50 பாகையில் இருந்தாலும் டயருக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கிறது. விபத்துகளில் பாதி முதல் சுற்றில்தான் என்று நான் கண்ணால் கண்டதை வைத்துச் சொல்வேன்.

முன்சக்கர இழுவைக் காரில் பின் டயர்கள் முன் டயர்களுக்கு ஒரு சுற்றாவது பிந்தித்தான் சூடாகும். ஸ்டியரிங்கில் பிடிப்பு வந்துவிட்டது என்று நம்பிக் காலை அழுத்தினால் பின்பக்கம் விடும்.

காத்து எவ்வளவு அடிக்கிறது? கதவில ஒட்டியிருக்கிற 32 தானே?

கதவில் ஒட்டியிருப்பது ரோட்டு டயருக்கு. ஸ்லிக்கில் நாங்கள் பார்ப்பது ஓடி வந்தவுடன் இருக்கும் சூட்டு அழுத்தம். அது எவ்வளவு என்று டயர் செய்தவர் சொல்லியிருப்பார். என் காருக்கு நான் 30 பிஎஸ்ஐக்குக் குறி வைக்கிறேன். அங்கே போய்ச் சேர, குளிரில் எவ்வளவில் தொடங்குவது என்பதுதான் கணக்கு.

அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். டயருக்குள் காற்று 30 பாகையில் இருக்கும்போது 26 பிஎஸ்ஐ அடித்தால், 80 பாகையில் அது ஏறக்குறைய 32.5 ஆகும். சராசரியாகப் பத்துப் பாகைக்கு 1.3. இந்த விளையாட்டில் காலை ஆறரைக்கு அடித்த காற்றும் பதினொன்றரைக்கு அடித்த காற்றும் ஒன்றில்லை. வெயில் படும் பக்கத்துச் சில்லு நிழலில் நின்றதை விட அரைப் பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதனால் காலையில் நிழலில் வைத்து அடித்து, நேரத்தையும் எழுதி வையுங்கள்.

என் கொப்பியில் ஒரு நாளின் முதல் ஓட்டம் இப்படி இருக்கிறது: நாலும் 25-இல் ஏறின. பத்து நிமிடம் கழித்து முன் இடது 33, முன் வலது 30, பின் இரண்டும் 28. முன் இடதில் 3 இறக்கினேன், மற்றதைத் தொடவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் கார் வேறு காராக இருந்தது. ஒரு நல்ல கேஜ், ஒரு பென்சில், ஒரு கொப்பி. ஸ்லிக் வாங்குமுன் இவற்றை வாங்குங்கள்.

செமி ஸ்லிக்கில் வந்தவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள். சூட்டில் இறக்கிய டயர் ஆறியதும் 22, 23-இல் நிற்கும். அதோடு ஹபரணை வரை ஓடினால் தோள் வெந்துவிடும். வீடு திரும்புமுன் கதவில் எழுதிய அளவுக்கு அடியுங்கள், அப்போது அந்த 32 சரி.

நைட்ரஜன் அடிச்சா அழுத்தம் ஏறாதாமே?

ஏறும். நாங்கள் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வித்தியாசம் ஈரத்தில். எங்கள் ஊர்க் கொம்பிரசர் தொட்டியின் அடிப் பூட்டைத் திறந்தால் ஒரு போத்தல் தண்ணீர் வரும். அந்த ஈரம் டயருக்குள் ஆவியானால் அழுத்தம் கணக்குக்கு அடங்காமல் ஏறும். தொட்டியைத் தினம் வடிக்கிற கராஜில் அடித்தால் காசு மிச்சம்.

ஸ்லிக் போட்டா காரில வேற என்ன மாத்தணும்?

உண்மையில் இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். டயர் கூடப் பிடித்தால் அந்தச் சுமை எல்லாம் வேறு எங்கோ போய் இறங்கும்.

முதலில் பிரேக். டயர் பிடிப்பதால் நீங்கள் பிந்தி, பலமாக மிதிப்பீர்கள். சூடு முழுவதும் டிஸ்க்குக்கும் பிரேக் பாட்களுக்கும் போய், அங்கிருந்து பிரேக் ஒயிலுக்குப் போகும். டொட் 3 ஒயில் புதுசாக இருக்கும்போது 205 பாகை வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டொட் 4-க்கு 230, 155. டொட் 5.1-க்கு 260, 180. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கடலோர ஊரில் சொல்லவே வேண்டாம். மூன்று வருடம் மாற்றாத ஒயிலோடு வந்த ஒருவரின் மிதி ட்ராக்கில் தரை வரை போனது. நல்ல வேளை, நேர்ப்பாதை நீளமாக இருந்தது. ட்ராக்குக்குப் போவதற்கு முந்தைய கிழமை புது டொட் 4 போட்டு வடிவாகக் காற்று எடுத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது எஞ்சின் ஒயில். நீளமான வளைவில் ஸ்லிக் காரை விடாமல் பிடிக்கும்போது அடித்தட்டில் உள்ள ஒயில் ஒரு பக்கமாக ஏறிவிடும், உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். சிவப்பு விளக்கு ஒரு கணம் மின்னி மறையும். அந்தக் கணத்தில் பேரிங் காய்கிறது. ரோட்டு டயரில் கார் முன்பே வழுக்கிவிடுவதால் இது நடப்பது குறைவு. ஒயிலை மேல் கோடு வரை வையுங்கள், தொடர்ந்து ஓடுவதென்றால் அடித்தட்டில் தடுப்புத் தகடு வையுங்கள்.

சில்லு பேரிங், போல் ஜொயின்ட், சில்லைப் பிடிக்கும் ஸ்டட், எல்லாவற்றையும் ஒவ்வொரு ட்ராக் டேக்குப் பிறகும் ஆட்டிப் பாருங்கள். கேம்பரும் உண்டு, அதாவது சில்லின் மேல்பக்கச் சாய்வு: ரோட்டுக் காரில் அரை முதல் ஒரு பாகை வரை உள்ளே சாய்ந்திருக்கும், ஸ்லிக் இரண்டரை, மூன்று பாகை கேட்கும். அப்படிச் சாய்த்துவிட்டு 600 கி.மீ. போய் வந்தால் ரோட்டு டயரின் உள்தோள் போய்விடும். என் பிழைப்பு அலைன்மென்ட் என்றாலும் சொல்கிறேன், முதல் வருடம் கேம்பரைத் தொடாதீர்கள்.

ஏபிஎஸ் இருக்கே, அது காப்பாத்தாதா?

ஏபிஎஸ் என்பது பிரேக் மிதிக்கும்போது சில்லு பூட்டாமல் பார்க்கும் கருவி. டயரில் இல்லாத பிடிப்பை அது கொண்டுவராது. ரோட்டு டயருக்கென்று கணக்குப் பண்ணிய கருவி, பச்சை ஸ்லிக்கில் அடிக்கடி குழம்பும்.

முன்சக்கரக் கார் தானே, முன்னுக்கு மட்டும் ரெண்டு ஸ்லிக் போட்டா காணாதா?

காசு மிச்சம் பிடிக்கப் போய்க் காரைத் தலைகீழாக்கும் வழி இது. முன்பக்கம் பிடித்துத் திரும்பும், பின்பக்கம் அந்த வேகத்தைத் தாங்காது, கார் சுழலும். பின் டயர் பிந்திச் சூடாகிறது என்று மேலே சொன்னேனே, நாலும் ஸ்லிக்காக இருந்தாலே அந்த ஆபத்து உண்டு. இரண்டுக்குத்தான் காசு என்றால் நாலு செமி ஸ்லிக் வாங்குங்கள்.

என்ட வாகன்ஆருக்குப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இரண்டு சில்லுக்கும் இடையிலான அகலத்தில் பாதியை எடுத்து, காரின் எடை நிற்கும் நடு உயரத்தால் பிரித்தால் ஒரு எண் வரும். தாழ்வான கார்களுக்கு அது 1.4 பக்கமாக, உயரமான வாகனங்களுக்கு 1.1 பக்கமாக. டயரின் பிடிப்பு அந்த எண்ணைத் தாண்டும் இடத்தில் கார் வழுக்காது, கவிழும். ரோட்டு டயர் அதற்கு முன்பே பிடி விட்டு உங்களைக் காப்பாற்றுகிறது. சூடான ஸ்லிக் விடாது. உயரமான பெட்டிக் கார், ஜீப், வேன் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

முந்நூறு கிலோமீற்றர், ஸ்லிக்கை எப்படிக் கொண்டுபோறது?

காருக்குள்தான். பின்சீட்டை மடித்தால் சிவிக்கில் நாலு சில்லு ஏறும், கண்ணாடிக்கு மேல் உயராமல் அடுக்கிப் பட்டியால் கட்டுங்கள். தனி ரிம்மில் மாட்டி வைத்திருப்பதுதான் சுகம். சாய்வில்லாத இடத்தில் ஜாக் வைத்து மாற்றி, டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். என் சிவிக்குக் கையேடு சொல்வது 108 நியூட்டன் மீற்றர். முதல் ஓட்டம் முடிந்து சில்லு ஆறியதும் மறுபடி ஒருக்கால் பாருங்கள்.

திரும்பும்போது மாலை ஆறுக்கு மேல் கிளம்புவதை விட அங்கேயே தங்கிவிட்டு விடியப் புறப்படுங்கள். நாள் முழுக்க வெயிலில் ஓடிக் களைத்த ஆளுக்கு ஹபரணை, கந்தளாய்ப் பக்கம் இருட்டில் ரோட்டைக் கடக்கும் யானை தெரியாது. காப்புறுதி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றை வழக்கமான முழுக் காப்புறுதிகள் விலக்கி வைக்கின்றன. உங்கள் பத்திரத்தில் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். 2020-இலிருந்து ஐந்து வருடம் கார் இறக்குமதி நின்றுபோய், பழைய கார் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். உடைத்தால் திரும்ப வாங்குவது லேசில்லை.

நான் புதுசு. ஸ்லிக் போட்டா சீக்கிரம் வேகமாகலாமா?

நேரம் குறையும், ஓட்டம் பழகாது. ரோட்டு டயரில் நீங்கள் செய்யும் பிழை அப்போதே தெரியும்: கீச்சிடும், நெளியும், மெதுவாக வழுக்கும். ஸ்லிக் அந்தப் பிழையை மூடி மறைத்துக்கொண்டே போய், மறைக்க முடியாத இடத்தில் ஒரேயடியாகக் கைவிடும். அப்போது நீங்கள் இன்னும் கூடிய வேகத்தில் இருப்பீர்கள். குறைந்தது நாலு ட்ராக் டே நல்ல ரோட்டு டயரில் ஓடுங்கள். எனக்கு முதல் இரண்டு வருடமும் அதுதான், அதில் ஒரு நட்டமும் வரவில்லை.

டயர் முகம் துருவின மாதிரி ஆகுது, சில இடத்தில குழி. எது பிழை?

மூன்று வெவ்வேறு விஷயத்தை எல்லோரும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். தேங்காய்த் துருவல் போல முகம் முழுக்கச் சின்னச் சின்ன வரிகள் எழும்பினால், டயர் பச்சையாக இருக்கும்போதே அதைச் சறுக்கவிட்டு ஓட்டியிருக்கிறீர்கள். அப்பத்தின் ஓரத்தில் வருவது போலக் கொப்புளமும் குழியும் என்றால் உள்ளே அளவுக்கு மீறிச் சூடு, கலவை உங்கள் காருக்கு மிக மென்மையாக இருக்கலாம். பெரிய கட்டியாக ஒட்டிக்கொண்டிருப்பது ட்ராக்கில் கிடக்கும் மற்றவர்களின் இறப்பர். கடைசிச் சுற்றில் ஆற விட்டு ஓட்டும்போது ஓரமாகப் போனால் அள்ளிக்கொண்டு வரும், அது பிழையே இல்லை.

சூட்டையும் அளக்கலாம். உள்தோள், நடு, வெளித்தோள் என மூன்று இடம். நடு மட்டும் கூடச் சுட்டால் காற்று கூட. உள்தோள் கொஞ்சம் கூடச் சுடுவது கேம்பரால், சாதாரணம்தான். வெளித்தோள் கூடச் சுட்டால் கேம்பர் போதாது. துப்பாக்கி மாதிரிக் கருவி மேல்தோலை மட்டும் பார்க்கும், ட்ராக் ஓரத்தில் காரை நிறுத்தும் பிட் பகுதிக்கு வருவதற்குள் அது ஆறிவிடும். ஊசி குத்திப் பார்க்கும் கருவிதான் உண்மை சொல்லும்.

வீட்டில எப்படி வைக்கிறது?

தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். மோட்டர், கொம்பிரசர், வெல்டிங் இருக்கும் அறையிலும் வேண்டாம், அவை உண்டாக்கும் ஓசோன் இறப்பரை வெடிக்க வைக்கும். கழுவி, காய வைத்து, தடித்த கறுப்புப் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டின் குளிர்ந்த இருட்டு மூலையில். டயர் மினுக்கத் தடவும் திரவம் எதுவும் பூசாதீர்கள். என் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் இருந்தது, பிறகுதான் கராஜுக்கு வந்தது. காரணத்தை வீட்டுக்காரியிடம் கேளுங்கள்.

கடைசியா ஒண்டு: ஸ்லிக்கில நாங்களே கோடு வெட்டினா மழைக்கும் பாவிக்கலாமே?

பந்தயக்காரர்கள் அரை ஈரத்துக்கு இப்படிக் கையால் வெட்டியதுண்டு, அதனால் கேள்வி முட்டாள்தனம் இல்லை. ஆனால் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் போகும், கலவை மாறாது. மழையில் டயர் ஆறும், ஆறினால் இரண்டாவது பதிலுக்குத் திரும்பிப் போங்கள். காய்ந்த பிறகு அதே டயரை ஓட்டினால், வெட்டிய கட்டைகள் அந்த அழிறப்பர் மாதிரி நெளிந்து, வெந்து, துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். கோடு வெட்டியதால் அது ரோட்டுக்கான டயராகவும் ஆகிவிடாது.

கராஜில் சூட்டுக் கத்தி ஒன்று தொங்குவதைப் பார்த்துத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று தெரியும். அது லொறி டயருக்கு. லொறி டயரிலும், வெட்டலாம் என்று பக்கச் சுவரில் எழுதியிருந்தால் மட்டும்.